பன்னிரண்டு பச்சைகள்

"சர்வர் செத்துப்போச்சுன்னு மேல சிவப்பா இருக்கு. அதுக்குக் கீழ மெயில் பச்சை, வருகைப் பதிவு பச்சை, கதவுப் பூட்டு பச்சை. பன்னண்டும் பச்சை. எப்படிய்யா?" என்றார் மேலாளர்.

ஆந்தை சுவரிலிருந்த பெரிய திரையைப் பார்த்தான். இமைக்காமல் அதைப் பார்த்துப் பார்த்தே வந்த பெயர். வேலையும் அதுதான்.

"சர்வர் போயிட்டா, அதுல ஓடுற சேவைகளை இந்தக் கண்காணிப்பு மென்பொருள் சோதிக்காது சார். கடைசியா பார்த்ததையே காட்டிட்டு இருக்கும்."

"ஆளு போயிட்டான், ஆனா கல்லீரல் நல்லா இருக்குங்கற மாதிரி."

"கடைசியா பார்த்தப்போ நல்லாத்தான் சார் இருந்துச்சு."

பதினோரு மணிக்குச் சிலர் பார்க்க வருகிறார்கள், அறை சுத்தமாக இருக்கட்டும் என்று முதலாளி செய்தி அனுப்பியிருந்தார். பெரிய வாடிக்கையாளர்கள் என்று மேலாளர் முடிவு செய்துவிட்டார்.

ஆந்தையின் ஆறு மாதத் தற்காலிகப் பணி அன்றோடு முடிகிறது. "வர்றவங்க திருப்தியா போனா நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்" என்றார் மேலாளர். நிரந்தரமானால் மாமனார் வீட்டு மாடியறையைக் காலி செய்யலாம். மாமனார் தினமும், மருமகன் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, "ஆர்டர் வந்துருச்சா மாப்ள?" என்பார்.

"ஒண்ணு எல்லாம் சிவப்பா இருக்கணும், இல்ல எல்லாம் பச்சையா இருக்கணும். வர்றவன் சிரிப்பான்யா" என்றார் மேலாளர்.

சர்வர் விழுந்தால் சேவைகளும் விழுந்ததாகக் காட்டு என்று ஆந்தை அமைப்பை மாற்றினான். ஒரு சிவப்பு பதின்மூன்றானது. அபாய மணி பதின்மூன்று முறை அடித்தது. அதை அடக்குவதற்குள் அடுத்த சர்வரும் விழுந்தது. இருபத்தாறு.

"பச்சையாக்கச் சொன்னேன்!"

"ரெண்டுல ஒண்ணுன்னீங்க சார்."

"ரெண்டாவதைத்தான்யா சொன்னேன்! கீழ சர்வர் ரூமுக்கு ஃபோன் போடு."

"போட்டேன். யாரும் எடுக்கல."

"திங்கக்கிழமை எவன் எடுப்பான்? நேர்ல போ."

போனான். கதவு திறக்கவில்லை. கதவுப் பூட்டு ஓடுவதும் செத்த சர்வரில்தான். உள்ளே ஏதோ உருட்டும் சத்தம் கேட்டது. சரிசெய்துகொண்டிருக்கிறார்கள் என்ற நிம்மதியோடு திரும்பி வந்தான்.

'திட்டமிட்ட பராமரிப்பு' என்று குறித்தால் மணி அடிக்காது. குறித்தான். பதற்றத்தில் இரண்டு சர்வர்களுக்குப் பதிலாக மொத்தக் கட்டடத்தையும் குறித்துவிட்டான். திரை முழுக்க நீலமானது.

"வானம் மாதிரி இருக்கு" என்றார் மேலாளர். பாராட்டு இல்லை.

பத்து ஐம்பத்தைந்து. ஆந்தை பழைய கோப்புகளைத் துழாவி, எல்லாம் பச்சையாக இருந்த ஒரு நாளின் படத்தை எடுத்துத் திரை முழுக்க விரித்தான். அந்தப் பச்சை அசையவே இல்லை.

"இதை ஆறு மாசம் முன்னாடியே பண்ணியிருக்கலாமேய்யா!"

பதினோரு மணிக்கு இருவர் வந்தார்கள். ஒருவர் நெட்டை. இன்னொருவர் கையில் துணிப்பை.

"பாருங்க சார், ஒரு சேவைகூட நிக்கல" என்றார் மேலாளர்.

நெட்டை திரைக்கு அருகில் போனார். விளிம்பைத் தட்டினார். எட்டிப் பின்புறத்தைப் பார்த்தார். "எத்தனை இன்ச்?"

"எண்பத்தஞ்சு."

"கீறல் எதுவும் இல்லையே?"

"ஒரு கீறல் கிடையாது!"

நெட்டை திருப்தியாகத் தலையாட்டினார். மேலாளர் ஆந்தையின் காதில், "கண்ணே எடுக்கல பார்த்தியா? ஒப்பந்தம் நமக்குத்தான்" என்றார். உடனே பணி ஆணையை எடுத்து, மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். ஆந்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். ஆறு மாதத்தில் முதல் முறையாக இமைத்தான்.

துணிப்பைக்காரர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கோங்க சார். கீழ சர்வரையெல்லாம் கழட்டி வண்டியில ஏத்தியாச்சு, இந்த டிவி மட்டும்தான் பாக்கி. ஆமா, வெள்ளிக்கிழமையே மூடின கம்பெனியில நீங்க ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?"