லிஃப்டுக்கு உறை போட்ட கதை

செம்பூரில் லிஃப்டுகளுக்கு சாஃப்ட்வேர் எழுதும் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியில் ஒரு printf. எண், எழுத்து என்று எத்தனை சாமான் கொடுத்தாலும் வாங்கி, திரையில் எழுதிவிட்டுத் தன்பாட்டுக்குப் போகும் சாதுவான ஃபங்க்ஷன்.

அதை நேரடியாக அழைப்பது கண்ணியக் குறைவு என்று மேலிடம் கருதியது. ஒவ்வொரு பிரிவும் அதற்கு ஓர் உறை, அதாவது அதைச் சுற்றி இன்னொரு ஃபங்க்ஷன், போட்டே அழைக்கவேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. பாதுகாப்புப் பிரிவின் உறை, 'எச்சரிக்கை' என்று சேர்த்தது. சட்டப் பிரிவின் உறை, 'கம்பெனி பொறுப்பல்ல' என்றது. எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. நானும் ஒன்று போட்டேன். அது 'தயைகூர்ந்து' என்றது.

பக்கத்து சீட் ரெபேக்கா அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏல ராஜபாண்டி, வர்ற சாமானையெல்லாம் மூட்டையாக் கட்டி printf கிட்டயே கொடுக்கியே! மூட்டையப் பிரிக்கத் தெரிஞ்சது vprintf தாம்ல. இது மூட்டையவே நம்பர்னு வாசிச்சிரும்."

"தப்பு கண்டுபிடிக்கிற கம்பைலர் ஒண்ணும் சொல்லலியேக்கா?"

"உறைக்குள்ள அதுக்குக் கண்ணு தெரியாதுல."

சுற்றறிக்கையில் vprintf என்ற பெயரே இல்லை. மேலிடம் அறியாத ஒருவரிடம் மூட்டையை ஒப்படைக்க நான் யார்?

தாராவியில் ஏழு மாடிக் கட்டடத்தில் எங்கள் சாஃப்ட்வேரோடு ஒரு புது லிஃப்ட். எங்கள் மேனேஜர் பத்ரி சார் லிஃப்டைத் திறந்துவைத்து ஏறினார். நடுவில் நின்றுவிட்டது. கீழே திரை பேசியது: 'தயைகூர்ந்து எச்சரிக்கை. லிஃப்ட் -128450736ஆம் மாடியில் நிற்கிறது. கம்பெனி பொறுப்பல்ல.'

கண்ட்ரோல் ரூம் ஷகீல் அதைப் படித்துவிட்டு நான் கொடுத்த புகாரை மூடினார்.

"அந்த மாடி பில்டிங்லயே இல்ல பாய். இல்லாத மாடில லிஃப்ட் எப்படி மாட்டும்?"

"உள்ளே சார் கதவைத் தட்டுறாரே!"

"தட்டலாம். ஸ்க்ரீன்ல வரணும்ல?"

என் போனில் பத்ரி சார் அலறினார். "டேய், மூச்சு முட்டறதுடா! நாலாவது மாடின்னு சொல்லேன்!"

"சொன்னேன் சார். ரெக்கார்டுல நீங்க இல்லையாம்."

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கடப்பாரையால் நெம்பி அவரை வெளியே எடுத்தார்கள்.

விசாரணைக் குழு கூடியது. எண் தவறு, ஆனால் தொனியில் குறையில்லை என்று கண்டது. இல்லாத மாடி எண் வந்தால் 'தரைத்தளம்' என்று மாற்றிவிடும் புதிய உறை ஒன்றைப் போடும்படி எனக்கே உத்தரவு. போட்டேன். வேலை நிரந்தரமாயிற்று. அதன்பிறகு புகாரே இல்லை.

நேற்று நானே அந்த லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். கதவிடுக்கில் வராந்தாவைத் தாண்டிப் பார்த்தால், கீழே ஆட்டோக்கள் தீப்பெட்டி அளவில் போய்க்கொண்டிருந்தன. லிஃப்டுக்குள் இருந்த திரையோ 'தரைத்தளம்' என்றது. யாரையும் கூப்பிடவில்லை. கதவு திறந்ததும் தெருவில் இறங்க வசதியாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன்.