உமி மேட்டு நாய்

"ஜல்தி கதவ மூடுங்க! வேணுகோபால் கடை டிசைனர் கேமராவோட வந்துகினு இருக்கான்!"

தெருவில் யாரோ குரல் கொடுக்க, தறி வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. கமலக்கண்ணன் நடுத்தெருவில் அசடு வழிய நின்றான். அந்தக் கேமரா அவனுடையதுகூட இல்லை. சென்னையிலிருந்து சனிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய நண்பன் கிரணுடையது.

"கெளம்பு மச்சி. ஊரு, ஆறு, ஏரி எல்லாம் போட்டோ எடுத்துகினு சாயங்காலம் திரும்பிடலாம்" என்றிருந்தான் கிரண்.

கமலக்கண்ணன் உடனே பைக்கில் ஏறிக்கொண்டான். திங்கட்கிழமைக்குள் தீபாவளிப் பட்டுக்குப் புது பார்டர் டிசைன் கொடுக்காவிட்டால், அவன் நாற்காலியில் காஞ்சிபுரத்து ஆள் ஒருவர் உட்காருவார் என்று முதலாளி வேணுகோபால் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் கோபமாகச் சொன்னால் மறந்துவிடுவார். சிரித்துக்கொண்டே சொன்னால் செய்துவிடுவார். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மாதம் உட்கார்ந்ததில் கமலக்கண்ணனுக்கு வந்ததெல்லாம் கொட்டாவிதான். வெளியே போனாலாவது ஏதாவது தோன்றாதா என்று பார்த்தான்.

தெருக்கோடியில் எதிர்க்கடை முதலாளி தெய்வநாயகி வழிமறித்தாள்.

"இன்னா கமலா, எத போட்டோ எடுக்கற?"

"கோபுரந்தாம்மா. சும்மா."

"தீபாவளிய வெச்சிகினு எந்த டிசைனர்பா சும்மா ஊர் சுத்துவான்? எங்க தறியில இருக்கறத எடுக்க வந்தியா?"

"சத்தியமா இல்லம்மா. நீங்களே பாருங்க" என்று கிரணிடமிருந்து கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகக் காட்டினான். கோபுரம் வந்தது, வாழைத்தார் வந்தது, கம்பத்தில் வரிசையாகப் புறாக்கள் வந்தன. தெய்வநாயகி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புறாக்களை உற்றுப் பார்த்தாள். பிறகு கடைப்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"உதயா! வண்டிய எடு. இவங்க எங்க போறாங்களோ நீயும் போ. இவங்க எத எடுக்கறாங்களோ நீயும் எடு."

உதயா அவள் கடை டிசைனர். அவனுக்கும் ஒரு மாதமாக எதுவும் தோன்றவில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

கமண்டல நாக நதிப் பாலத்தில் கிரண் ஒரு எருமையை எடுத்தான். பின்னாலேயே ஸ்கூட்டர் வந்து நின்றது. உதயா போனை நீட்டி அதே எருமையை எடுத்தான்.

"உதயா, அது வெறும் எருமைப்பா" என்றான் கமலக்கண்ணன்.

"தெரியுதுண்ணா."

"அதுல டிசைன் ஒண்ணும் இல்லப்பா."

"நீங்க இவ்ளோ அழுத்திச் சொல்றீங்கன்னா இருக்குதுண்ணா" என்ற உதயா, போனைக் காதில் வைத்தான். "அம்மா, எருமை."

களம்பூர் போய்ச் சேர்வதற்குள் வேணுகோபால் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா கமலா, எருமை பார்டராமே? ஊரே பேசிகினு இருக்குது. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க மொதலாளி."

"சரி சரி, போன்ல வேணாம். நேர்ல பேசிக்கலாம்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு வைத்துவிட்டார்.

இனி உண்மை பேசிப் பிரயோஜனம் இல்லை என்று கமலக்கண்ணனுக்குப் பட்டது. உதயாவைக் குழப்பிவிட முடிவு செய்தான். நெல் லாரியின் டயர், டீக்கடைக் கரித்துணி, பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவரின் கிழிந்த குடை என்று கண்டதையெல்லாம் காட்டி, "அடடா, இத எடு மச்சி!" என்று உரக்கச் சொன்னான்.

"லீவு நாள்ல என்னப் போயி டயர் எடுக்க வெக்கறியேடா. பேஜார் பண்ணாத" என்று கிரண் முனகினான். ஆனாலும் எடுத்தான். உதயாவும் எடுத்தான். பெரியவர் மட்டும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரு முறை முறைத்தார்.

பொழுது சாயும் நேரத்தில், ஊர் தாண்டி ஒரு ஏரிக்கரையில் பைக் நின்றது. கமலக்கண்ணன் இறங்கி ஏரியைப் பார்த்தான். தண்ணீர் முழுக்க மஞ்சள் வெயில். லேசான காற்றில் அலைகள் மெல்லிய கோடுகளாகக் கரைவரைக்கும் வந்தன. அடர்ந்த பச்சைத் தண்ணீரில் சரிகைக் கோடுகள். பார்டர் அங்கே நெய்து விரித்துக் கிடந்தது. ஒரு மாதப் பாரம் நெஞ்சிலிருந்து இறங்கியது. அழுகைகூட வரும் போலிருந்தது.

கிரண் கேமராவைத் தூக்கினான். அதே சமயம் ஸ்கூட்டர் சத்தமும் கேட்டது.

"வேணாம்! ஏரிய எடுக்காத!" கமலக்கண்ணன் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில்லின் உமி மேடு இருந்தது. அதன் மேல் ஒரு நாய் படுத்திருந்தது. "நாய எடு!"

"பைத்தியமாடா உனக்கு? இந்த வெளிச்சம் இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கும்."

"என் வேலையே போயிடும் மச்சி. கால்ல வேணா வுழறேன். நாய எடு."

கிரண் பல்லைக் கடித்துக்கொண்டு நாயை எடுத்தான். உதயா ஓடிப்போய் உமி மேட்டில் ஏறி, நாய்க்குப் பக்கத்திலேயே நின்று போனைத் தூக்கிப் பிடித்தான். அவன் எடுத்து முடிக்கும்வரை கமலக்கண்ணன் "பிரமாதம், பிரமாதம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வெயில் போய்விட்டது. ஏரி கறுத்துவிட்டது. போனால் போகட்டும், கண்ணில் இருக்கிறதே! அன்றைக்கு அவன் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டியது.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நினைவிலிருந்தே வரைந்தான். அவன் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி ஒரு டிசைன் வந்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் வேணுகோபால் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே தன் போனை நீட்டினார்.

தெய்வநாயகி கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு டிசைன் படம். தீபாவளிப் புதுவரவு, ஏரிக்கரைப் பட்டு. அதே பச்சை, அதே சரிகை அலை. நடுவில் ஒரு நெட்டைக் கொக்கும் ஒரு குட்டைக் கொக்கும் நின்றன.

"அவங்க இத நேத்தே போட்டுட்டாங்க. உன்னுது எனக்கு இன்னிக்கி வருது. யாரு யாரப் பாத்துப் போட்டதுன்னு நான் கேக்கணுமா, நீயே சொல்றியா?"

கமலக்கண்ணன் விறுவிறுவென்று வெளியே வந்தான். எதிரே டீக்கடையில் உதயா பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான்.

"டேய், நீ நாயத்தானடா எடுத்த? என் கண்ணால பாத்தேனே!"

உதயா பன்னை மரியாதையாகக் கீழே வைத்தான்.

"நாய் என் கால்கிட்ட இல்ல படுத்துகினு இருந்துது? நான் எதிர்ல இருந்த ஏரியத்தாண்ணா எடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் குறுக்கால நின்னுகினு இருந்தீங்க, எவ்ளோ பண்ணிப் பாத்தும் அழிக்க வரல, அதான் ஆளுக்கொரு மூக்கு வெச்சு கொக்காக்கிட்டேன்."