சனிக்கிழமைக் கஷாயம்

மகள் கயல் பனியில் நின்ற அன்றைக்குத்தான் வெள்ளியங்கிரி அந்தச் சபதம் எடுத்தார். இனி சனிக்கிழமைத் தலைவலி என்ற பேச்சுக்கே இடமில்லை. குடியை விடுவதாகச் சபதம் என்று நினைத்தால் உங்களுக்கு அவரைத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ராத்திரி குடிப்பார், சனிக்கிழமை மதியம்வரை தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார். அப்படிக் கிடந்ததில், நீச்சல் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டிவர மறந்துவிட்டார். ஏழு வயதுக் குழந்தை ஈரத்தலையோடு பார்க்கிங் லாட்டில் விறைத்து நின்றது. மனைவி ருக்மிணி சண்டை போடவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பெரிய சூட்கேஸை இறக்கிப் படுக்கையறை வாசலில் வைத்தாள்.

“இன்னொரு சனிக்கிழமை நீங்க தலையப் புடிச்சுட்டுப் படுத்தீங்கன்னா, இந்தப் பொட்டி ஊருக்குக் கெளம்பிருமுங்க.”

அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், அந்த வீட்டில் அவர் மட்டும் தனியாக. மறுநாளே நியூயார்க் சைனாடவுனுக்குப் போய் ஒரு மூலிகைப் பொட்டலத்தோடு வந்தார்.

“ஆயிரம் வருஷமாச் சீனாக்காரன் குடிச்சிட்டு இதக் குடிக்கிறான் ருக்மிணி. தலைவலியே வராதாம்.”

ருக்மிணி ஒரு மருந்துக் கம்பெனியில் சோதனை முடிவுகளைச் சரிபார்க்கிறவள்.

“எவிடென்ஸ் இருக்குதுங்களா?”

“ஆயிரம் வருஷம் பத்தாதா?”

“நம்மூர்லயும் ஆயிரம் வருஷமா வேப்பிலை அடிக்கறாங்க. பேயி போயிருச்சுங்களா?” கொஞ்சம் யோசித்தாள். “சரி, டெஸ்ட் பண்ணிப் பாத்தரலாம். நானே காய்ச்சித் தர்றேன். வேலை செஞ்சா நான் வாயே தொறக்க மாட்டேன்.”

அடுத்த சனிக்கிழமை கஷாயம் வந்தது. கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது.

“தலை எப்படிங்க இருக்குது?”

“பளிங்காட்டம் இருக்குது.”

“அப்ப டிரைவ்வேயில பனிய அள்ளிருங்க.”

அள்ளினார். அதற்கடுத்த வாரம் கராஜைக் கழுவினார், வீடு முழுக்க வேக்யூம் பண்ணினார். தலைக்குள் உலக்கை இடித்தது. வலிக்கிறது என்று சொன்னால் பெட்டி கிளம்பும். சொல்லாவிட்டால் உயிர் கிளம்பும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

மூன்றாவது சனிக்கிழமை தபால் பெட்டி ஓரமாக வாந்தி எடுத்தார். பனியை அள்ளிப் போட்டு மூடிவிட்டு நிமிர்ந்தால், கயல் நீச்சல் பையோடு நிற்கிறாள்.

“டாடி, ஆர் யூ சிக்?”

“இல்ல கண்ணு.”

“ப்ராமிஸ்?”

அவர் பதில் சொல்வதற்குள் பின்சீட்டில் ஏறி பெல்ட்டும் போட்டுக்கொண்டாள். ரோடெல்லாம் ஐஸ். வெள்ளியங்கிரிக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்ச் சாவியை மேஜையில் வைத்தார்.

“நீயே ஓட்டு புள்ள. என்னால முடியாது. அந்த மருந்து ஒரு வாரங்கூட வேலை செய்யல. நாஞ் சொன்னதெல்லாம் பொய்யி.”

“எப்படிங்க செய்யும்? சீனாப் பொட்டலத்த நான் பிரிக்கவே இல்லீங்களே. நீங்க குடிச்சது வெந்தயமும் பாவக்காத் தோலும்.”

கோபப்படத் தெம்பில்லை. மிச்சமிருந்த பாட்டிலை சிங்க்கில் கொட்டினார்.

“இனித் தொட மாட்டேன். அந்தப் பொட்டிய மட்டும் மேல ஏத்திரு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

ருக்மிணி கோட்டை மாட்டிக்கொண்டு சாவியை எடுத்தாள்.

“நாங்க எதுக்குங்க போறோம்? தொறந்து பாருங்க, அதுல இருக்கறது பூரா உங்க சட்டைதான்.”