ராகுகாலத்தில் திருத்திய கடிதம்

சிலேட்டை ஸ்டாண்டில் வைத்துவிட்டு நாலு எட்டு நடந்த பிறகுதான் சங்கிலிமுத்துவுக்குச் சுரீரென்று உறைத்தது. நேற்று சாயங்காலம் எழுதிய கடிதம் அதற்குள்ளேயே இருக்கிறது. அழிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தார். ஸ்டாண்டில் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருந்தது.

"பானு, அதை நிறுத்து தாயி!"

"எதைண்ணே? அது அப்பவே ஏறிருச்சே" என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பானுப்பிரியா. "என்னண்ணே, இன்னிக்கு நாலு பக்கம் வந்திருக்கு? எப்பவும் மூணுதான எழுதுவீக?"



ரத்தினசாமியின் பட்டாசுத் தொழிற்சாலையில் சங்கிலிமுத்து பதினேழு வருஷமாகப் போர்மேன். போன தை மாதம் வரைக்கும் நோட்டில்தான் எழுதிக்கொண்டிருந்தார். எந்த ஷெட்டில் யார் வேலை, எவ்வளவு சரக்கு காய்ந்திருக்கிறது, எங்கே தரை விரிப்பு கிழிந்திருக்கிறது, எல்லாம். அப்புறம் முதலாளியின் மகள் ரோஷினி மெட்ராஸில் படிப்பை முடித்துவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, கனமான கறுப்புப் பலகை ஒன்றையும் பிளாஸ்டிக் பேனா ஒன்றையும் அவர் கையில் கொடுத்தாள். அதற்கு டேப்லட் என்று பெயர். தொழிற்சாலையில் எல்லோரும் சிலேட்டு என்றார்கள். அதில் கையால் எழுத வேண்டும். எழுதி முடித்து ஸ்டாண்டில் வைத்தால் எழுத்து அப்படியே கம்ப்யூட்டருக்கு ஏறிவிடும். மின்சாரச் சாமான் எதுவும் வெடிமருந்து ரூம் பக்கம் போகக்கூடாது என்பதால் சிலேட்டு ஆபீஸிலேயே கிடக்கும். சங்கிலிமுத்து வெறுங்காலோடு ஷெட் ஷெட்டாகச் சுற்றி, பார்த்ததையெல்லாம் மண்டையில் ஏற்றிக்கொண்டு வந்து ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவார்.

எழுத எழுத அதன் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. தப்பாக எழுதினால் பேனாவின் பின்பக்கத்தால் தேய்த்தால் போதும், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத்து முத்து முத்தாக நிற்கும். அந்த ஆசைதான் இப்போது கழுத்துக்குக் கத்தியாக வந்து நின்றது.

ஏனென்றால் நாலாவது பக்கத்தில் இருந்தது வேலை கேட்டு எழுதிய கடிதம். அதுவும் யாரிடம்? நவநீதகிருஷ்ணனிடம்.

ரத்தினசாமியும் நவநீதகிருஷ்ணனும் ஒரு லேபிளில் போட்ட மயில் படம் யாருடையது என்று சண்டை போட்டுப் பதினைந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். நவநீதகிருஷ்ணன் பெயர் காதில் விழுந்தாலே ரத்தினசாமி வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வெற்றிலை போடுவார். ஆனால் சங்கிலிமுத்துவின் மனைவி வள்ளித்தாய்க்கு மயிலைப் பற்றி என்ன கவலை? "நம்ம ஆமத்தூருலேயே அவருக்கு அம்புட்டுப் பெரிய கம்பெனி இருக்கு. நீங்க ரெண்டு பஸ் மாறிப் போய் வாரீக. ஒரு லெட்டர் எழுதிப் போட்டா கையா தேஞ்சுபோகும்?" என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். சரி, சிலேட்டில் அழகாக எழுதிப் பார்த்து, அப்புறம் தாளில் படியெடுக்கலாம் என்று எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போது ஷெட்டில் யாரோ கூப்பிட்டார்கள். போனவர் அப்படியே மறந்துபோனார்.

ரத்தினசாமிக்குத் தெரிந்தால் வேலை போகும். அதோடு விடுகிற ஆளும் இல்லை அவர். ஒருவனை நிறுத்தினால் பத்துக் கம்பெனிக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார். அப்புறம் சாத்தூர் வரைக்கும் போனாலும் ஒருத்தரும் வேலை தரமாட்டார்கள்.

சங்கிலிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை. ஒரே ஒரு நல்ல விஷயம் அதுதான்.

ரத்தினசாமி கம்ப்யூட்டரில் எதையும் வாசிக்கமாட்டார். போர்மேன் எழுதியதைப் பானுப்பிரியா தாளில் அச்செடுத்து, மூலையில் மஞ்சள் தடவி, பித்தளைத் தட்டில் வைத்து முருகன் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். பிறகுதான் தொடுவார். அதிலும் வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தினத்தாளைக்கூடக் கையால் தொடாத மனுஷன் அவர்.

ஆக, பன்னிரண்டு மணி வரை உயிர் இருக்கிறது.

சங்கிலிமுத்து சிலேட்டைப் பாய்ந்து எடுத்தார். கடிதத்தைப் பரபரவென்று தேய்த்து, அந்தப் பக்கத்தையே காலி செய்தார். மறுபடியும் ஸ்டாண்டில் வைத்துவிட்டு மூச்சு விட்டார்.

"அண்ணே, இது ஏதோ கேக்குது" என்றாள் பானுப்பிரியா.

"என்ன கேக்குது?"

"சிலேட்டுல ஒரு பக்கம் காணாமப் போச்சாம். கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துத் திரும்பப் போடவான்னு கேட்டுச்சு. நான் ஆமான்னு அமுக்கிட்டேன்."

சிலேட்டை எடுத்துப் பார்த்தார். கடிதம் முத்து முத்தாகச் சிரித்தது.

"ஏ தாயி, நீயே அந்தப் பக்கத்தைத் தூக்கிரேன். கண்ணை மூடிக்கிட்டுத் தூக்கு. வாசிக்காத."

"ஐயோ, என்னால தூக்க முடியாதுண்ணே. யாரும் எதையும் அழிக்கக்கூடாதுன்னு ரோஷினி அக்கா பூட்டு போட்டுல்ல போயிருக்காக. வேணும்னா அவுகளுக்கு போன் போடட்டா?"

"போடாத! போனைக் கீழ வை!"

அவர் போட்ட சத்தத்தில் பானுப்பிரியா போனை மேஜைக்கடியிலேயே போட்டுவிட்டாள். "என்னண்ணே, இப்படி வேர்க்குது உங்களுக்கு? சரி, உட்காருங்க. நான் பிரிண்ட்டைக் கொடுத்துட்டுத் தண்ணி கொண்டாரேன்."

பிரிண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் சங்கிலிமுத்து யோசிக்கவே இல்லை. நேரே வாசல் பக்கம் ஓடி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார்.

ஃபேன் நின்றது. பிரிண்டர் நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டு கீச் கீச்சென்று கத்தியது.

"கரண்டு போச்சா? பிரிண்ட் வரலையே" என்று பானுப்பிரியா இன்னொரு தடவை அமுக்கினாள். அப்பவும் வரவில்லை என்று மூன்றாம் தடவையும் அமுக்கினாள்.

முதலாளி அறையின் கதவு திறந்தது. ரத்தினசாமி வந்து நின்றார். உள்ளே யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. சீசன் நேரத்தில் ஏஜெண்டுகள் வந்து உட்காருவது வழக்கம்தான்.

"யார்லே கரண்டை நிறுத்துனது? உள்ள பெரிய மனுஷரு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருக்காரு."

சங்கிலிமுத்துவின் கை இன்னும் சுவிட்சின் மேலேயே இருந்தது. "ஒரு பொறி பறந்த மாதிரி இருந்துச்சு மொதலாளி. அதான்..."

"பொறியா? போட்டு விடுலே முதல்ல."

போட்டுவிட்டார். பிரிண்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. நாலு பக்கம் வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பக்கம் கக்கியது. கடைசியாக விழுந்த தாள் மேலாக நின்றது. அதன் தலைப்பில், தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற கொட்டை எழுத்தில், 'மதிப்பிற்குரிய நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு' என்று இருந்தது.

ரத்தினசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். ராகுகாலத்தில் தாளைத் தொடத்தான் கூடாது; தலைப்பைப் பார்க்கக்கூடாது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை.

"என்ன சங்கிலி, அவருக்கா லெட்டர் எழுதியிருக்க?"

சங்கிலிமுத்துவின் தலை தானாக ஆடியது.

"நல்லதாப் போச்சு. தட்டுல வை. பன்னெண்டு அடிக்கட்டும், பார்ப்போம்." கதவு வரை போனவர் திரும்பினார். "உன்னையும் கூப்பிடுவேன். உனக்கு ஒரு ஆளைக் காட்ட வேண்டியிருக்கு. மூஞ்சியைக் கழுவிட்டு நில்லு."

கதவு சாத்திக்கொண்டது. நல்லதாப் போச்சு என்றால் என்ன அர்த்தம்? பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதாகத்தான் சங்கிலிமுத்துவுக்குப் பட்டது. ஆளைக் காட்டுவது என்றால் யாரை? வேறு யார், புதுப் போர்மேனைத்தான். பதினேழு வருஷம் உழைத்தவனைத் துரத்திவிட்டு அந்த இடத்துக்கு ஆளைக்கூடக் கூட்டிவந்து உள்ளே உட்காரவைத்துவிட்டார்! அவர் சரக்குப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

இனிமேல் கடிதத்தை ஒளிக்க முடியாது. தலைப்பை முதலாளி பார்த்துவிட்டார். நவநீதகிருஷ்ணனுக்குக் கடிதம் எழுதவில்லை என்று சொன்னால் சின்னப் பிள்ளைகூட நம்பாது.

"பானு, அழிச்சா இந்தச் சனியன் ஏத்துக்கிடாதுன்ன. திருத்துனா?"

"திருத்துனா வாங்கிக்கிடும்ணே. பழசை எடுத்துட்டுத் திருத்துனதை வச்சுக்கிடும்."

சங்கிலிமுத்து நிமிர்ந்தார். கடிதம் நவநீதகிருஷ்ணனுக்குத்தான். ஆனால் அது வேலை கேட்டு எழுதிய கடிதமாகத்தான் இருக்க வேண்டுமா?

சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திருப்பித் தேய்த்தார். தலைப்பை மட்டும் விட்டுவிட்டார். 'தங்கள் கம்பெனியில் வேலை கிடைப்பது என் பாக்கியம்' என்ற இடத்தில், 'தங்கள் கம்பெனியில் வேலை பார்ப்பதைவிட பஸ் ஸ்டாண்டில் பிச்சை எடுப்பேன்' என்று எழுதினார். அவசரத்தில் 'பிச்சை' கொஞ்சம் கோணிக்கொண்டது. 'தங்கள் தரைச்சக்கரம் போல இந்த வட்டாரத்தில் சுற்றுவது வேறில்லை' என்பதைத் தேய்த்துவிட்டு, 'தங்கள் தரைச்சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுத்துக்கொள்வது ஊருக்கே தெரியும்' என்று போட்டார்.

போதுமா? முதலாளியின் கோபத்தை நினைத்தார். போதாது என்று தோன்றியது.

'என்னை உங்கள் பக்கம் இழுக்க இனி ஆள் அனுப்பாதீர்கள். அனுப்பினால் காலை ஒடித்து அனுப்புவேன். மயிலைத் திருடிய தங்களுக்கு வெட்கம் இல்லையா? எங்கள் ரத்தினசாமி முதலாளியின் செருப்புக்குத் தாங்கள் சமமாவீர்களா?' என்று எழுதினார். பயம் ஏற ஏறக் கடிதத்தில் காரமும் ஏறியது. நவநீதகிருஷ்ணனின் மீசையைப் பற்றி இரண்டு வரி எழுதினார். அவருடைய கம்பெனி புஸ்வாணத்தைப் பற்றி மூன்று வரி. கீழே முழுப் பெயரையும் ஆமத்தூர் விலாசத்தையும் எழுதி, கையெழுத்தைப் பெரிதாகப் போட்டார்.

ஸ்டாண்டில் வைத்தார். பச்சை விளக்கு மினுக்கியது. கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல பிள்ளையாக வாங்கிக்கொண்டது.

பானுப்பிரியா புதிதாக அச்செடுத்து மஞ்சள் தடவித் தட்டில் வைத்தாள். பழைய கடிதம் மூன்று பிரதி அவர் கையில் மிஞ்சியது. எரித்துவிடலாம் என்று பார்த்தால் தீப்பெட்டிக்கு எங்கே போவது? கேட்டிலேயே எல்லோர் மடியையும் தடவிப் பிடுங்கிவிடுவார்கள். பிடுங்கச் சொல்லிக் கட்டளை போட்டதே சங்கிலிமுத்துதான். ஊர் ஊராகக் கொளுத்துவதற்குச் சரக்கு அனுப்புகிற இடத்தில் மூன்று தாளைக் கொளுத்த வழியில்லை. தூள் தூளாகக் கிழித்து, சுவரில் தொங்கிய மணல் வாளிக்குள் கையை விட்டுப் புதைத்தார்.

பன்னிரண்டு அடித்தது. ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி டீ கொடுக்கிற சின்னத்தாய், ஒரு கையில் டீத் தட்டும் மறுகையில் பித்தளைத் தட்டுமாக உள்ளே போனாள்.

சங்கிலிமுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார். உள்ளே முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். இந்த அமைதி நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவர் கதவில் காதை வைத்தார். வாசித்து மனம் உருகிப்போய் உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. பதினேழு வருஷ விசுவாசத்தை நினைத்து முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அந்தப் புதுப் போர்மேனை எழுந்து போகச் சொல்லியிருப்பார்.

கதவைத் திறந்துகொண்டு சின்னத்தாய் வெளியே வந்தாள். காலி தம்ளர்கள் தட்டில் கடகடவென்று ஆடின.

"சின்னத்தாயி, மொதலாளி லெட்டரை வாசிச்சாகளா? மூஞ்சி எப்படி இருக்கு?"

சின்னத்தாய் அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"நம்ம மொதலாளி எங்க வாசிச்சாக? பன்னெண்டு அடிச்சதும் கம்பெனியை வித்துக் கையெழுத்துப் போட்டுட்டு, 'உங்க பேருக்குத்தான் எழுதியிருக்கான், நல்ல போர்மேன், நீங்களே வாசிச்சுப் பாருங்க'ன்னு அதை நவநீதகிருஷ்ணன் அய்யா கையிலல்ல கொடுத்துட்டாக!"