கரையேறிய வீரர்

வாழ்க்கையில் ஒரு தடவையாவது நீலா இல்லாத ஊரில் நாலு நாள் இருந்துவிட்டு வருவது என்று திருவொற்றியூர் குப்பத்துத் தாமோதரன் தீர்மானித்தார். மனைவிமேல் கோபமெல்லாம் இல்லை. அவருக்கு உயிரே அவள்தான். உயிரை விட்டு நாலு நாள் தள்ளியிருந்தால் எப்படியிருக்கும் என்று பார்க்க ஓர் ஆசை, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்தெட்டில் அதற்கொரு வழி பிறந்தது. எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் விளையாட்டுக் கழகம் மலேசியப் போட்டிக்கு ஆள் தேடியது. கடலில் நீந்தி, கரையேறி சைக்கிள் மிதித்து, இறங்கி ஓடவும் வேண்டுமாம். முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தனியாளாகவும் போகலாம், ஜோடியாகப் பங்கு போட்டுக்கொண்டும் போகலாம் என்றார் கழகச் செயலாளர் ஆலிஸ். அந்த இரண்டாவது சமாச்சாரத்தைத் தாமோதரன் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

"பொம்பளைங்கள உள்ளயே வுட மாட்டாங்களாம்மே. ரூல்ஸு அப்டிக்கீது" என்றார், முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு.

"அப்டியா? சரி, நீ மட்டும் போய்ட்டு வா" என்றாள் நீலா. நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கக்கூட இல்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆலிஸ் வீட்டுக்கு மீன் கொடுப்பதே நீலாதான் என்பது அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனது.

எண்ணூர் கடற்கரையில் தேர்வு நடந்தது. தண்ணீரில் தாமோதரனை அடிக்க ஆளில்லை. தொழிற்சாலைப் பையன்கள் பாதி வழியிலேயே படகில் தொற்றிக்கொள்ள, இவர் முதல் ஆளாகக் கரையேறினார். சைக்கிளுக்குப் பக்கத்தில் தூக்குச் சட்டியோடு நீலா நின்றிருந்தாள்.

"நாஷ்டா துன்ட்டு மெதுவா மிதிய்யா. சைக்கிள் எங்க ஓடிடப் போவுது?"

கல்யாணமான நாளிலிருந்து வந்த பழக்கம் இது. கடலில் இருக்கும்வரை மீன் அவர் பொறுப்பு. படகு மணலைத் தொட்டதும் கூடை நீலாவின் இடுப்புக்குப் போய்விடும். ஏலம், வியாபாரம் எல்லாம் அவள் பாடு. அவர் சாப்பிட்டுவிட்டுப் படகு நிழலில் கட்டையைச் சாய்ப்பார். கரையேறினால் வேலை முடிந்தது என்று அந்த உடம்புக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இட்லியும் வஞ்சிரக் குழம்பும் உள்ளே போயின. பக்கத்தில் ஒரு படகு, நல்ல நிழல். கண்ணை மட்டும் மூடிக்கொள்வோம் என்று சாய்ந்தார்.

கைதட்டல் கேட்டுத்தான் விழித்தார். மீன் பெட்டியோடு தினமும் காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை மிதிக்கிறவள் நீலா. வெறும் சைக்கிள் அவளுக்கு எம்மாத்திரம்? அதை முடித்து, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடியும் முடித்திருந்தாள். ஜோடியாகத் தேர்வாகிவிட்டீர்கள் என்று ஆலிஸ் கைகொடுத்தார்.

"பொம்பளைங்கள வுட மாட்டாங்கன்னியே?" என்றாள் நீலா, மூச்சு வாங்க.

"ரூல்ஸ மாத்திட்டாங்க போலக்கீது."

வீடு திரும்பும்போது யோசித்தார். மனசு லேசானது. நீந்தி முடித்தால் இவர் வேலை தீர்ந்தது. அவளோ சாயங்காலம் வரை ரோட்டில். ஒரு பகல் முழுக்க மலேசியா அவருக்கே அவருக்கு. அவளும் கூட வருவதில் உள்ளுக்குள் சந்தோஷம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

புறப்படுகிற அன்று நீலா பெட்டி கட்டினாள். துணிமணிக்கு நடுவே தூக்குச் சட்டியும் ஏறியது.

"இது எதுக்குமே?"

"நீ கரையேறினதும் துன்றதுக்கு. பாயும் ஒன்னு எட்த்து வச்சிகிறேன்."