சுவரில் ஏறிய ஆண் கொடி

அன்புத் தங்கை வால்புர்காவுக்கு, உன் அண்ணன் குவிரின் தன் கையாலேயே எழுதுவது. ஆமாம், என் கையாலேயே! பாதிரியாரிடம் கெஞ்சி எழுதி வாங்கியது அல்ல. குளிர்காலம் முழுவதும் மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றுக்கொண்டேன். காலையில் தொடங்கிய கடிதம் இது, இப்போது கோழிகள் அடையப் போகின்றன. நானும் அவையும் சுகம். அங்கே உன் வீட்டுக்காரர் கிலியானும் உங்கள் திராட்சைத் தோட்டமும் சுகமாக இருக்கட்டும். ஆனால் என் கல்யாணத்துக்கு வரும்போது உங்கள் ஊர் ஒயினை ஒரு சொட்டுக்கூட வண்டியில் ஏற்றாதே. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் கொடி விளையும் ஊரில், மாப்பிள்ளை வீட்டு மேசையில் ஒயினா? இங்கே நானே காய்ச்சிய பீர் இருக்கிறது.

யாருக்குக் கல்யாணம் என்று கேட்பாய். எனக்கும் பக்கத்து வீட்டு நோட்புர்காவுக்கும். அவள் புருஷன் போய்ச் சேர்ந்தது உனக்குத் தெரியும். வசந்தத்தில் ஒரு நாள் வேலியோரம் நின்று கேட்டேவிட்டேன். அவள் துணி உலர்த்திக்கொண்டே, "உன் வீட்டுச் சுவத்துல வளந்த ஹாப்ஸைப் போட்டுக் கோதுமை பீர் காய்ச்சிக் குடு. குடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள். மறுநாளே நாற்றுக்கடைக்கு ஓடினேன். ஆயுள் முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் ஹாப்ஸ் பறித்தவன், முதல்முறையாக ரகத்தின் பெயரை அட்டையில் விரல் வைத்துச் சத்தமாகப் படித்தேன். முட்டைக்கோஸ் நாற்று வாங்க வந்திருந்த நோட்புர்கா, "மெதுவாப் படி, தூங்குற செடியெல்லாம் முழிச்சுக்கப் போகுது" என்று சிரித்தாள்.

எந்த ரகம் என்பதில் முந்தின இரவே மதுக்கடை மேசையில் பெரிய சண்டை. பண்ணைக்காரன் லியோன்ஹார்ட், "ஹெர்குலஸ் நடுய்யா, ஒரு வாய்க்கே நாக்கு நிமிந்து நிக்கும்" என்றான். "கோதுமை பீருக்கா? ஈஸ்ட் குடுக்கிற வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் அந்தக் கசப்பு துரத்தி அடிச்சிடும்யா" என்றேன். மென்மையான மிட்டல்ஃப்ரூ ஒன்று, புல்வாசம் அடிக்கும் ஹெர்ஸ்புருக்கர் ஒன்று என்று வாங்கி நட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஓடைக்கரை வேலியில் சும்மா கிடந்த ஒரு கொழுத்த காட்டு ஹாப்ஸ் கொடியையும் வேரோடு பெயர்த்து வந்து நடுவில் வைத்தேன். மற்ற இரண்டும் ஜன்னலைத் தொடத் திணறியபோது அது கூரையைத் தாண்டியது. தெருவில் போனவரை எல்லாம் நிறுத்திக் காட்டினேன். ஜூலையில் அது பூத்தது. பீரில் போடும் கூம்பே இல்லை, தூள் உதிர்க்கும் சின்னப் பூங்கொத்துகள் மட்டும்.

மறுநாள் லியோன்ஹார்ட் கத்தரியோடு பாய்ந்து வந்தான். "யோவ் கிழவா, ஆண் கொடியையா வளக்குறே! காத்தடிச்சா அதோட தூள் பட்டு என் தோட்டத்துக் கூம்பு பூரா விதை புடிச்சுடும், ஒரு வியாபாரியும் தொடமாட்டான்!" பின்னாலேயே பண்ணைக்காரர்கள் கூட்டம். என்னைக் கேட்காமலே வெட்டினார்கள். வெட்டின வேகத்தில் பாவம் ஹெர்ஸ்புருக்கரும் போய்விட்டது. லியோன்ஹார்டுக்கே வெட்கமாகி, "என் ஹெர்குலஸ் ஒரு மூட்டை தரேன்யா" என்றான். என் சுவரில் வளர்ந்ததுதான் வேண்டும் என்றாளே! மிச்சமிருந்த மிட்டல்ஃப்ரூ நோஞ்சான் வேறு. கடைசியில் அது ஒரு தொப்பி நிறையக் கூம்பு கொடுத்தது. கசப்பு அதிகம் கேட்காத கோதுமை பீருக்கு அது தாராளம், தங்கச்சி!

துணி வெளுக்கும் அண்டாவில் காய்ச்சினேன். பீர் பக்குவமானதும் ஒரு நாள் காலையில் அவளை அழைத்து, வெள்ளை சாசேஜும் இனிப்புக் கடுகும் வைத்து, புட்டியைத் திறந்தேன். நுரை சீறி, சுவரில் இருந்த அந்தோணியார் படத்தை நனைத்தது. நோட்புர்கா குடித்தாள். வாயைத் துடைத்தாள். "சரி, கட்டிக்கறேன்" என்றாள். நம் ஊர் ஹாப்ஸின் மகிமையைப் பார்த்தாயா!

நவம்பரில், மார்ட்டின் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை கல்யாணம். கிலியானுக்கு என் மரியாதை, பேரப்பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் அடுப்பும் உங்கள் சிரிப்பும் அணையாதிருக்கட்டும்.

இப்படிக்கு, சொந்தக் கையெழுத்தில்,
குவிரின்

பின்குறிப்பு: இதை எழுதி முடிப்பதற்குள் நிலவறையில் ஒரு புட்டி வெடித்தது. பிறகு எல்லாமே. உருளைக்கிழங்குகள் பீரில் மிதக்கின்றன. கடிதத்தைப் படித்த நோட்புர்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அன்னைக்கு எனக்கு மூக்கடைப்பு. நீ வெந்நீரக் குடுத்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நாத்துக்கடையில நீ விரல் வச்சுப் படிச்சப்பவே முடிவு பண்ணிட்டேன்" என்கிறாள். ஆகவே கிலியானிடம் சொல்: ஒயின், வண்டி கொள்ளும் அளவுக்கு. இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக வரட்டும், லியோன்ஹார்ட் பார்க்கக் கூடாது.