ஏழாம் நம்பர் பட்டன் உயிர் பிழைத்த விவரம்

அன்புள்ள மச்சினனுக்கு,

அத்தான் எழுதுவது. உன் அக்கா நலம், அவளுடைய தையல் மெஷின் நலம், எனக்கோ சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. உங்கள் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு மேல் என்னால் அடக்கிக்கொள்ள முடியாது. கால்குலேட்டர் பிழைத்துவிட்டதப்பா!

எந்தக் கால்குலேட்டர் என்று கேட்காதே. அக்கா தைக்க ஆரம்பித்தபோது நீ வாங்கிக் கொடுத்தாயே, சட்டைப்பையில் அடங்குகிற அந்தப் பழசு. சிவப்பாக எழுத்து எரியுமே, வெளிச்சத்தில் தெரியாமல் கையால் மறைத்துப் பார்க்க வேண்டுமே, அதுதான். அதில் ஏழாம் நம்பர் கொஞ்ச நாளாகவே படுத்திக்கொண்டிருந்தது. மெல்ல அழுத்தினால் வராது, கோபத்தோடு அழுத்தினால் மூன்று ஏழாக வரும். நீகூடப் போனில், "தூக்கிப் போடுக்கா, நான் புதுசு வாங்கிட்டு வர்றேன்" என்றாயாமே. "புதுசுல என் விரலுக்கு வழி தெரியாதுடா" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அந்த நிமிஷமே எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மெக்கானிக் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

உனக்குத் தெரியாததா? ஓய்வு பெற்றதிலிருந்து என் எல்லை கூடத்தோடு சரி. நல்லெண்ணத்தில் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, யாருடையதோ ஒரு வெள்ளைச் சட்டையை உலக வரைபடமாக்கிய நாளிலிருந்து தையல் அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. உள்ளே அவள் மெஷின் ஓட்டுகிறாள், வெளியே நான் சுவரைப் பார்க்கிறேன், நடுவில் ஒரு கதவு. பகல் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாமல் இருப்பது பெரிய கஷ்டம், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இதைச் சரி செய்து கொடுத்தால் அந்தக் கதவு திறக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அவள் துணி எடுக்கக் கடைவீதிக்குப் போன சமயம் பார்த்து, அதைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப் போட்டேன். ஒரு திருகாணிகூடக் கண்ணில் படவில்லை, முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினால் அடியில் ஒளிந்துகொண்டிருந்தன, கழற்றினேன், அப்போதும் திறக்கவில்லை, ஸ்பூன் காம்பை விட்டு நெம்பினேன், டப்பென்று வாயைப் பிளந்தது பார், பட்டன்கள் மொத்தமும் மூலைக்கொன்றாகப் பறந்துவிட்டன. கூட்டல் சோபாவுக்கு அடியில், ஒன்பது என் காலருக்குள், சமக்குறி மட்டும் எங்கே தேடியும் கிடைக்காமல், கடைசியில் மேஜை மேல் திறந்திருந்த அக்காவின் சட்டை பட்டன் டப்பாவில் ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருந்தது. வியாதியும் பிடிபட்டது. ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் குமிழ் மாதிரி ஒரு மெல்லிய தகடு இருக்கிறது, அமுக்கினால் அது அமுங்கிக் கீழே தொட வேண்டும். ஏழின் தகட்டுக்கு அடியில் நூல் பிசிறு மெத்தை போட்டுப் படுத்திருந்தது. தையற்காரி வீட்டுக் கால்குலேட்டருக்கு வேறென்ன வியாதி வரும்! பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தேன், கறுத்த தகட்டை ரப்பரால் தேய்த்தேன், அந்த நேரம் பார்த்துத் தும்மல் வந்தது, தகடு பறந்தது, குப்புறப் படுத்துச் சீப்பால் துழாவி எடுத்தேன். பட்டன்களை எந்த வரிசையில் அடுக்குவது என்று வேறொருவனாக இருந்தால் திணறியிருப்பான். காலமெல்லாம் தொலைபேசி அலுவலகத்தில் நம்பர் அமுக்கிய கையப்பா இது! மேலே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பித்து, கண்ணை மூடிக்கொண்டு வைத்து முடித்தேன்.

பேட்டரி போட்டேன். நான் எப்போதும் பட்டனை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் அழுத்திவிட்டு, கடைசியில்தான் கையால் மறைத்து விடையைப் பார்ப்பேன். ஐந்தை ஐந்தால் பெருக்கினேன், இருபத்தைந்து! ஏழை ஏழால் வகுத்தேன், ஒன்று! ஏழிலிருந்து ஏழைக் கழித்தேன், சைபர்! இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

அக்கா வந்தாள். கண் துணிக்கட்டின் மேலேயே இருக்க, கை மட்டும் ஏதோ ஒரு கணக்கைத் தட்டியது. கையால் மறைத்துப் பார்த்தவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, ஏழு ஒரே தட்டுல வருதே! நீங்களா செஞ்சீங்க?"

"வேற யாரு செய்வா?"

"சரி, ஒரு நாற்காலியை உள்ள கொண்டாந்து போடுங்க. பல் டாக்டருக்குத் திரை தைக்கணும். உயரம் எண்பத்தெட்டு அங்குலம், மடிப்புக்குப் பதினாலு. கூட்டிப் பாத்துத் துணியில கோடு போடுங்க, நான் வெட்டறேன்."

கேட்டாயா! நாற்காலி! உள்ளே! எண்பத்தெட்டையும் பதினான்கையும் மனசிலேயே கூட்டலாம்தான். ஆனால் என் கையால் பிழைக்க வைத்த கருவி எதிரே இருக்கும்போது மனசை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? தட்டினேன், தொண்ணூற்றாறு என்றது, எல்லாத் துணிக்கும் கோடு போட்டேன். அவள் வெட்டிக்கொண்டே பேசினாள், நான் பேசிக்கொண்டே கேட்டேன். இப்படி ஒரு சாயங்காலம் எங்களுக்கு வாய்த்து எத்தனை காலமாயிற்று!

ஆகையால் நீ புதுசு எதுவும் வாங்கிவிடாதே. உன் வீட்டில் ரிமோட்டோ மிக்ஸியோ, எந்தப் பட்டன் தகராறு செய்தாலும் எனக்கு ஒரு வரி எழுது, ஓடி வருகிறேன். உன் மனைவிக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், அழுத்தியது அழுத்தியபடி நடக்கட்டும்.

இப்படிக்கு,
மெக்கானிக் அத்தான்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் பல் டாக்டர் வந்துவிட்டார். "திரை அரை அடி குட்டையா இருக்கும்மா. உள்ள இருக்கறவர் காலை உதைச்சுக்கறது வெளியில உக்காந்திருக்கறவங்களுக்குத் தெரியுது. பாதிப் பேரு எழுந்து போயிட்டாங்க" என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தபடியே கணக்கைத் தட்டினாள், நூற்றிரண்டு. நான் தட்டினேன், தொண்ணூற்றாறு. மறுபடி அவள் நூற்றிரண்டு, மறுபடி நான் தொண்ணூற்றாறு. அப்புறம்தான் அவள் முதல் தடவையாகப் பட்டன்களைக் குனிந்து பார்த்தாள்.

"என்னங்க இது, ஒண்ணு மேல இருக்கு?"

"ஒண்ணு மேலதானே இருக்கும்?"

"அது போன்லங்க! கால்குலேட்டர்ல ஏழுதான் மேல!"

நான் ஒன்றை அழுத்தினால் அது ஏழு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, எட்டை அழுத்தினால் இரண்டு. உன் அக்கா எழுத்தைப் பார்ப்பதே இல்லை, பழகிய இடத்தைத் தட்டுகிறாள், அதனால் அவளுக்கு மட்டும் ஒழுங்காக வந்திருக்கிறது. அடியில் அரை அடிக்கு வேறு நிறத்தில் கரை வைத்துத் தருவதாகச் சொல்லி டாக்டரை அனுப்பிவிட்டு, "இனிமே கணக்கை நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் நாற்காலியைத் தூக்கினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதை எங்க தூக்கறீங்க?"

"கூடத்துக்கு."

"வைங்க கீழ. நாள் பூரா மெஷின் சத்தத்தையே கேட்டு எனக்கும் அலுத்துப்போச்சு. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டு இருங்க."

"பட்டனை மட்டும் திருப்பி மாத்திடட்டுமா?"

"தொட்டுப் பாருங்க, தெரியும்!"

ஆகவே மேலே எழுதிய பெருமை அத்தனையையும் அடித்துவிடு. நாற்காலியை மட்டும் அடிக்காதே.